உங்களுக்குத் தெரியுமா? கால் மைலில் வறண்டுபோகும் கார்புரேட்டர்

● 500 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் இன்ஜின் ஒன்று முழு வேகத்தில் விநாடிக்குச் சுமார் 42 மில்லி பெட்ரோல் குடிக்கும். ஒரு காபி டம்ளர் நான்கே விநாடியில் காலி! ஆனால் டிராக் ரேஸ் ஓட்டமே பத்துப் பன்னிரண்டு விநாடிதான். ஆக, ஓட்டம் முழுவதற்கும் தேவை ஏறக்குறைய அரை லிட்டர். டேங்கில் பத்து லிட்டர் குலுங்கிக்கொண்டிருக்க, இன்ஜின் மட்டும் பட்டினியில் திக்கித் திணறுவதுதான் இந்த விளையாட்டின் வேடிக்கை. இருப்புக்குப் பஞ்சமில்லை. வேளைக்கு வந்து சேர்வதில்தான் சிக்கல்.

● இந்தப் பந்தயத்தின் தாய்வீடு அமெரிக்கா. நேர்ச்சாலை, நின்ற இடத்திலிருந்து புறப்பாடு, 1320 அடி தூரம். கால் மைல், நம் கணக்கில் 402 மீட்டர். தெருவிலும் வறண்ட ஏரிப் படுகையிலும் நடந்துகொண்டிருந்த இந்தப் போட்டியை ஒழுங்குக்குள் கொண்டுவர 1951-ல் வாலி பார்க்ஸ் தொடங்கிய அமைப்புதான் என்.ஹெச்.ஆர்.ஏ. அதன் ‘புரோ ஸ்டாக்’ பிரிவுக் கார்கள் 2015 சீசன் வரை தலைக்கு இரண்டு கார்புரேட்டர்களோடு ஓடின. 2016-லிருந்து ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் கட்டாயம். ஆனாலும் வார இறுதியில் சொந்தக் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களில் பலர் இன்னும் கார்புரேட்டர் கட்சிதான். லேப்டாப் வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து ஜெட்டும் (பெட்ரோல் போகும் அளவை நிர்ணயிக்கும் துளைத் திருகு) போதும் என்பது அவர்கள் வாதம். நோய் வந்தால் கண்டுபிடிக்கவும் கண், காது, மூக்கு மூன்றும் வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

● மாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிறைந்தால் பந்து ஏறிக் குழாயை மூடும், குறைந்தால் இறங்கித் திறக்கும். கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரும் அதே தான். பந்துக்குப் பதில் ஃப்ளோட், குழாய்க்குப் பதில் நீடில் வால்வு.

முன்னும் பின்னுமாக இரண்டு சேம்பரிலும் சேர்த்துக் கால் லிட்டர் பெட்ரோல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 500 குதிரைக்கு அது ஆறு விநாடித் தீனி. பின்னாலிருந்து பம்ப் ஒரு சொட்டுகூடத் தராவிட்டாலும் கார் பச்சை விளக்கில் சீறிக்கொண்டு புறப்படும், பாதித் தூரம் அட்டகாசமாக ஓடும், பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல மடங்கும். ‘ஸ்டார்ட்டிங்கில் நல்லாத்தான் இழுத்தது, அதனால் பெட்ரோல் பிரச்சினை இல்லை’ என்று தீர்ப்புச் சொல்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஸ்டார்ட்டிங்கில் ஓடியது தொட்டித் தண்ணீர். மோட்டார் ஓடுகிறதா என்பது தொட்டி வற்றும்போதுதானே தெரியும்!

● ஓட்டம் முடிந்ததும் கையில் தரும் நேரச் சீட்டு ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். 60, 330, 660, 1000, 1320 அடிகளை எத்தனை விநாடியில் கடந்தீர்கள் என்று அதில் இருக்கும். 660 அடி நேரத்தை 1.57-ஆல் பெருக்கினால் 1320 அடி நேரம் ஓரளவு வந்துவிடும் என்பது மைதானத்துக் கைக்கணக்கு. 7.00 விநாடியில் பாதி தாண்டிய கார், 11.0-ஐ ஒட்டி முடிக்க வேண்டும். சீட்டில் 11.3 என்று இருந்து, கடைசி வேகமும் வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் பின்பாதியில் பட்டினி என்று சந்தேகப்படலாம். டேங்க், பம்ப், ஃபில்டர், பைப் என்று தேடப் போகலாம். முதல் 60 அடியே சொதப்பினால் கோளாறு அநேகமாகக் கார்புரேட்டருக்குள்ளேயே இருக்கிறது: ஆக்ஸிலரேட்டர் பம்ப், ஃப்ளோட் மட்டம், அந்த வகையறா. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் சீட்டைப் படிப்பவர் பாதி வேலையை முடித்தவர்.

● முதல் 60 அடியை 1.9 விநாடியில் கடந்தால் காரின் சராசரி முடுக்கம் ஏறக்குறைய 1 ஜி. அதாவது பூமி கீழே இழுக்கும் அதே பலத்தில் எல்லாமே பின்னாலும் இழுபடுகிறது. 1.35 விநாடி என்றால் 2 ஜி. ஓட்டுநரின் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்வதோடு கதை முடிவதில்லை, பெட்ரோலும் பின்னால் போகிறது. 1 ஜி-யில் சேம்பருக்குள் பெட்ரோலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும்.

அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஹோலி கார்புரேட்டரில் பின் சேம்பரின் ஜெட்டுகள் அந்தச் சேம்பரின் முன்சுவரில் இருக்கின்றன. பெட்ரோல் பின்சுவருக்கு ஓட, ஜெட் காற்றைக் குடிக்கும். புறப்பட்டவுடன் கார் ஒரு கணம் ‘இழுக்கட்டுமா, வேண்டாமா’ என்று யோசிப்பது இதனால்தான். இதற்கு மருந்து, ஜெட்டில் ஒரு சிறு குழாயைச் செருகிப் பின்பக்கம் நீட்டிவிடுவது. பெட்ரோல் எங்கே ஓடியதோ அங்கேயே போய் உறிஞ்சும். முன் சேம்பரில் கதை தலைகீழ். அங்கே பெட்ரோல் ஜெட்டை நோக்கிக் குவிந்து, காற்றுத் துளை வழியாகத் தொண்டைக்குள் வழிந்து, புறப்படும்போதே மூச்சுமுட்டச் செய்யும். ஒரே கார்புரேட்டர், முன்னால் அஜீரணம், பின்னால் பட்டினி!

● பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து முன்னால் இருக்கும் கார்புரேட்டருக்கு மூன்று மீட்டர் பைப். 1 ஜி-யில் புறப்படும்போது அந்த மூன்று மீட்டர் பெட்ரோலும் பின்னோக்கித் தள்ளும் அழுத்தம் சுமார் 3.2 பிஎஸ்ஐ. டயருக்குக் காற்றடிக்கிற கடையில் கேட்கிற அதே பிஎஸ்ஐ. கார்புரேட்டருக்கு வேண்டியதே 5 முதல் 7 பிஎஸ்ஐ-தான். கார் நிற்கும்போது மீட்டர் அழகாக 7 காட்டும். கிளட்சை விட்ட மறுகணம் அது 4-க்கும் கீழே. கார் நின்றவுடன் மறுபடி 7! அதனால்தான் விவரமானவர்கள் பின்னால் 14, 15 பிஎஸ்ஐ தரும் பம்ப்பை வைத்து, கார்புரேட்டருக்கு அருகில் ரெகுலேட்டரால் குறைத்துக்கொள்கிறார்கள். 3 போனாலும் கையில் 11 மிச்சம்.

● சில கார்களில் பெட்ரோல் பிரஷர் மீட்டர் முன்கண்ணாடிக்கு வெளியே, பானட்டின் பின்விளிம்பில் நின்றுகொண்டிருக்கும். அலங்காரம் அல்ல. பெட்ரோல் பைப்பை நேராக ஓட்டுநர் பக்கத்துக்குள் கொண்டுவந்தால் தீ அபாயம், விதியும் அனுமதிக்காது. அதனால் மீட்டர் வெளியே, பார்ப்பவர் உள்ளே. இன்னொரு தகவல்: எண்ணெய் நிரப்பி அடைத்த மீட்டர்கள் இன்ஜின் சூட்டில் பொய் சொல்லும். உள்ளே காற்று விரிந்து முள்ளைக் கீழே அழுத்தும். அழுத்தம் குறைந்துவிட்டது என்று பம்ப்பை மாற்றுவதற்குள் மீட்டரை ஒருமுறை சந்தேகப்பட்டுவிடுங்கள்.

● அழுத்தம் வேறு, அளவு வேறு. குழாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பாருங்கள், மெலிந்த குழாயிலும் தண்ணீர் சீறும். வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கேள்வி. அதையே இங்கும் செய்கிறார்கள். கார்புரேட்டரில் சேரும் இடத்தில் பைப்பைக் கழற்றி, ஒரு கேனுக்குள் விட்டு, ஒரு நிமிடம் கடிகாரம் பார்க்கிறார்கள். 500 குதிரைக்கு இரண்டரை லிட்டராவது விழ வேண்டும். அதற்கு மேல் தாராளமாக இருப்பது நல்லது, ஏனென்றால் மைதானத்தில் ஜி விசை தன் பங்கைக் கழித்துக்கொள்ளும்.

திறந்த பைப்பில் அளப்பதில் ஓர் ஏமாற்று உண்டு. எதிர்ப்பே இல்லாததால் நோஞ்சான் பம்ப்பும் பயில்வானாகத் தெரியும். நுனியில் ஒரு வால்வைப் பொருத்தி, 5, 6 பிஎஸ்ஐ நிற்குமாறு திருகிவைத்துக்கொண்டு அளந்தால்தான் உண்மை வரும். சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

● சுலபமான சோதனை எது தெரியுமா? டேங்க் மூடியைத் தளர்த்துவது. பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். காற்றுத் துளை அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பம்ப் இழுத்து இழுத்துத் தோற்கும். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் குற்றவாளி அகப்பட்டார். துளையில் கூடு கட்டிய பூச்சி குற்றவாளியாக இருந்த கதைகளும் உண்டு.

● பம்ப்புகள் தள்ளுவதில் சூரர்கள், உறிஞ்சுவதில் சோப்ளாங்கிகள். ஆகவே பம்ப்புக்கு முன்னால் 100 மைக்ரான் போன்ற பெருங்கண் ஃபில்டர், பின்னால் 10 மைக்ரான் நுண்கண் ஃபில்டர். இதை மாற்றிப் போட்டால்? உறிஞ்சும் பக்கம் அழுத்தம் விழுந்து, பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும். பம்ப் புதுசு, பைப் புதுசு, ஃபில்டரும் புதுசு. கார் மட்டும் ஓடாது.

● டேங்குக்குள் பெட்ரோல் அலையடிக்காமல் இருக்கப் பஞ்சுபோன்ற ஃபோம் வைப்பார்கள். வருடங்கள் போனால் அது உதிரும். உதிர்ந்தது எங்கே போகும்? நேராக ஃபில்டருக்கு.

● ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே அதன் தோல் உரிந்து தொங்கிக்கொண்டிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்குச் செய்யும் கைங்கர்யம் இது. ஐடிலிங்கில் பெட்ரோல் தாராளமாகப் போகும். ஓட்டம் அதிகமானதும் உரிந்த தோல் கதவுபோலச் சாத்திக்கொள்ளும். இன்ஜினை அணைத்தால் கதவு தானே திறந்துகொள்ளும். கழற்றிப் பார்த்தாலும் தெரியாது, ஊதிப் பார்த்தாலும் தெரியாது. நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். வயது தெரியாத ஹோஸை ஆராய்ச்சி செய்யாமல் மாற்றிவிடுவதே மலிவு.

● பிளம்பரின் உயிர்த்தோழன், கார்புரேட்டரின் ஜென்மப் பகைவன் – யார்? வெள்ளை டெஃப்லான் டேப். பெட்ரோல் பைப் மரையில் சுற்றினால் அதன் ஒரு நூல் பிய்ந்து, ஃபில்டரைத் தாண்டிய இடமாக இருந்தால் நேராக நீடில் வால்வில் போய் உட்காரும். அப்புறம் வால்வு மூடாது. பெட்ரோல் பொங்கி வழியும்.

● எலக்ட்ரிக் பம்ப் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது. எடை குறைக்க ஆல்டர்னேட்டரையே கழற்றிவிட்ட கார்கள் ஏராளம். பேட்டரி மட்டும்தான் கதி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, பம்ப்பும் தளர்ந்துகொண்டே போகும். காலையில் பறந்த கார் சாயங்காலம் படுத்துக்கொண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஜெட்டை அல்ல, சார்ஜை. வோல்டேஜை பேட்டரி முனையில் அளந்து திருப்திப்படுபவர்கள் உண்டு. அளக்க வேண்டிய இடம் பம்ப்பின் முனை, அதுவும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது. பேட்டரியில் 12.6, பம்ப்பில் 10.8 என்றால் நடுவில் 1.8 வோல்ட்டை மெலிந்த வயரோ துருப்பிடித்த எர்த் போல்ட்டோ விழுங்குகிறது. ‘பெட்ரோல் கோளாறு’ என்று ஊரெல்லாம் சொன்னது கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தீர்ந்துவிடும்.

● கேம்ஷாஃப்ட் உதைத்து ஓட்டும் பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்கு இந்த வோல்டேஜ் வம்பு கிடையாது. அதன் பலவீனம் டயாஃப்ரம். அது கிழிந்தால் பெட்ரோல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

● ஏற்காட்டுக்கோ ஊட்டிக்கோ கோடையில் மலையேறும்போது நின்றுவிடும் பழைய வாடகைக் கார்களின் பானட்டைத் திறந்து, டிரைவர் ஃப்யூல் பம்ப்பின் மேல் ஈரத் துணி போடுவார். சற்று நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகும். ‘ஏர் லாக்’ என்பார்கள். உள்ளே சிக்கியிருப்பது காற்றல்ல, கொதித்த பெட்ரோலின் ஆவி. அமெரிக்க டிராக் ரேஸ்காரர்களும் இதே வைத்தியத்தைத்தான் செய்தார்கள், கொஞ்சம் ஆடம்பரமாக: பெட்ரோல் பைப்பைச் சுருளாகச் சுற்றி, ஐஸ் நிரப்பிய டப்பாவுக்குள் வைத்து அனுப்பினார்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பெட்ரோல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 0.1 சதவீதம் விரியும். 20 டிகிரி குளிர்ந்தால் அதே கொள்ளளவு பெட்ரோலில் 2 சதவீதம் கூடுதல் எடை இருக்கும்.

இப்போது டப்பாவுக்குப் பதில் திரும்புபாதை ரெகுலேட்டர் வந்துவிட்டது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்பும். பெட்ரோல் ஓரிடத்தில் நின்று சூடாக நேரமே இருக்காது.

● பட்டினிக்கு நேர் எதிர் நோய் பொங்கி வழிதல். கறுப்புப் புகை, கண் எரியும் பெட்ரோல் நெடி, நனைந்த பிளக். நீடில் வால்வில் தூசி சிக்கியிருந்தால் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சேம்பரில் இரண்டு தட்டு தட்டினாலே சில நேரம் சரியாகிவிடும். தட்டியும் நிற்கவில்லையா, பிரஷரைப் பாருங்கள். 9, 10 பிஎஸ்ஐ வந்தால் ஃப்ளோட் எவ்வளவு முட்டுக்கொடுத்தாலும் வால்வை மூடிவைக்க முடியாது. ஹோலி சேம்பரின் பக்கவாட்டில் மட்டம் பார்க்க ஒரு திருகு உண்டு. கழற்றினால் பெட்ரோல் துளையின் அடிவிளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். காரை லேசாக ஆட்டினால் ஒரு சொட்டு வழியலாம். கொட்டினால் அதிகம், எட்டியே பார்க்காவிட்டால் குறைவு.

● கார்புரேட்டருக்குள் பவர் வால்வு என்று ஒன்று. அதன் மேல் 65 என்று இருந்தால் இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம் 6.5 அங்குல பாதரசத்துக்குக் கீழே இறங்கும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் தரும் என்று பொருள். கார்புரேட்டர் வழியாக ‘டமார்’ என்று பின்னடி அடித்தால் பழைய மாடல்களில் இதன் டயாஃப்ரம் கிழியும். ஐடிலிங்கிலேயே இன்ஜின் மூக்குமுட்டக் குடிக்கத் தொடங்கும். இந்த வம்பே வேண்டாம் என்று வால்வை அடைத்துவிட்டு, ஜெட்டைப் பல நம்பர் பெரிதாக்கி ஓட்டுபவர்களும் உண்டு. கால் மைல் ஓடுகிற காருக்கு அது செல்லும். கடைக்குப் போகிற காருக்கு பெட்ரோல் பங்க் முதலாளிதான் சந்தோஷப்படுவார்.

● புகைக்குழாயில் பொருத்தும் ஆக்சிஜன் சென்சார் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர். அவரையும் ஏமாற்றலாம். பெட்ரோல் அளவுக்கு மீறிப் போய் ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிட்டால், அதன் காற்று அப்படியே வெளியே வரும். சென்சாருக்குத் தெரிந்தது ஆக்சிஜன் மட்டும்தானே? ‘ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் போதவில்லை’ என்று சீட்டு எழுதிக் கொடுக்கும். அதை நம்பி ஜெட்டைப் பெரிதாக்கினால் எரியாத சிலிண்டர் ஒன்று இரண்டாகும். முதலில் பிளக், வயர், காயில் மூன்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் சென்சாரிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டும்.

● பிளக்கின் நிறம் பார்ப்பது பழைய வித்தை. பார்க்கும் நேரம்தான் முக்கியம். கோட்டைத் தாண்டிய அதே நொடியில் இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டு ஓரம்கட்டி, அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும். ஊர்கோலம்போல மெதுவாக ஓட்டித் திரும்பி வந்து கழற்றினால் தெரிவது ஐடிலிங்கின் நிறம், ஓட்டத்தின் நிறமல்ல.

● டென்வர் அருகே கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,800 அடி உயரத்தில் பேண்டிமியர் ஸ்பீட்வே என்றொரு மைதானம் இருந்தது. 1958-லிருந்து 2023 வரை பந்தயம் நடந்தது. காற்று மெலிந்த அந்த மேட்டுக்குப் போனவர்கள் ஜெட்டைச் சிறிதாக்கினார்கள், 2,000 அடிக்கு ஒரு நம்பர் என்பது பழைய கணக்கு. ஊர் திரும்பும்போது பழைய ஜெட்டை மாட்ட மறந்துவிட்டால், அடர்ந்த காற்றும் சிறுத்த ஜெட்டும் சேர்ந்து அசல் பம்ப் கோளாறு மாதிரியே நடித்துக் காட்டும்.

● மெத்தனாலுக்கு மாறும் கார்களுக்குப் பெட்ரோலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எரிபொருள் வேண்டும். பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று முழுதாக எரியப் போதும், மெத்தனாலுக்கு 6.4 பங்குதான். பம்ப், பைப், நீடில் வால்வு எல்லாமே பெரிதாக வேண்டும். ஒன்றை மட்டும் பழையதாக விட்டால் மொத்த வரிசையும் அந்த ஒன்றின் அளவுக்குத்தான். கூடுதலாக ஒரு பயம்: மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது.

● இத்தனையும் சோதித்துப் பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர் எல்லாம் மாற்றிய பிறகும் கார் இழுக்கவில்லையா? இன்ஜினை அணைத்துவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் எட்டிப் பாருங்கள். தட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். கேபிள் தளர்ந்தோ, காலடி மிதியடி மடங்கி பெடலுக்குக் கீழே மாட்டியோ, முக்கால்வாசிதான் திறந்துகொண்டிருந்த கார்கள் எத்தனையோ.